கொரண்டிப் பெரியம்மா

எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதல் வரவேற்பு அவளுடையதுதான். அதை வரவேற்பு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். மலாக்காவின் காஜா பேராங் சடக்கில், அந்தப் பெரிய ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையும் முடிச்சுமாக எங்கள் சந்துக்குள் நுழைகிறவர்களை, ஜம்பு மரத்தடியில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்:

"எந்தத் தோட்டத்திலேருந்து வர்றீங்க? அங்க யாருக்காச்சும் காய்ச்சலா?"

எல்லாரும் சௌக்கியம் என்று சொன்னால் நம்பிவிட மாட்டாள். வந்தவர் கண்ணைப் பார்ப்பாள், குழந்தைகளின் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான். விருந்தாளி வீட்டுத் திண்ணைக்குக்கூடப் போக முடியாது. ஜம்பு மரத்தடியில் ஒரு பலகை கிடந்தது, அதில் உட்கார வேண்டும். அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை. எங்கள் சின்னத் தாத்தா ஒருமுறை அந்தப் பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு, "இதுக்கு நான் ஜெயிலுக்கே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்களுக்கு அவள் ரத்த சொந்தம் இல்லை. பக்கத்து வீடு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அக்கா, எங்களுக்குப் பெரியம்மா. அவள் இல்லாத இடத்தில் ஊர் முழுக்க அவளுக்குக் 'கொரண்டிப் பெரியம்மா' என்று பெயர். சொந்தப் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

கொரண்டி என்றால் குவாரண்டின். ஜப்பான் சண்டைக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். கப்பலை விட்டு இறக்கியதும் ஊருக்குள் விடாமல், கரையோர முகாமில் அடைத்து வைப்பார்கள். உடம்புக்குள் ஏதாவது நோய் ஒளிந்திருந்தால் அது வெளியே வரட்டும் என்று காத்திருப்பார்கள். வரவில்லை என்றால் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் அந்த முகாமை விட்டு வந்ததும் சொல்லையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பெரியம்மா மட்டும் அதைக் கையோடு கொண்டுவந்து, வாழ்நாள் முழுக்கப் புழங்கினாள்.

எதற்கெல்லாம் என்று கேட்கிறீர்களா? பாசாரில் புதுக்கோழி வாங்கினால் அதைப் பழைய கோழிகளோடு சேர்க்க மாட்டாள். காலில் கயிறு கட்டித் தனியாக விட்டுவிடுவாள். "கொரண்டி." துணிக்கடை மரைக்காயரிடம் எடுத்த புடவையை அன்றைக்கே உடுத்த மாட்டாள். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். "கொரண்டி." நான்காவது வீட்டுக்குப் புது மருமகள் வந்தபோது பெண்கள் எல்லாம் சிநேகம் பிடிக்க ஓடினார்கள். பெரியம்மா போகவில்லை. "இருங்கடி. கோளாறு மாமியாகிட்டயா மருமககிட்டயான்னு மொதல்ல வெளிய வரட்டும்" என்றாள். மழைக்காலம் வருவதற்குள் அது வெளியே வந்தது. மகன்தான் கோளாறு.

பிழைப்புக்கு மசாலா அரைத்து விற்றாள். கணவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள், மூவாரில் கட்டிக்கொடுத்திருந்தாள். அம்மி நிறைய மிளகாயும் மல்லியும் அரைத்து, உருண்டை உருண்டையாக இலையில் வைத்துப் பாசாருக்குக் கொண்டுபோவாள். வியாபாரம் பண்ணுகிறவள் பேசுகிற பேச்சா அது! யாராவது, "மசாலா நல்லாருக்கா அக்கா?" என்று கேட்டால், "இன்னைக்கு மல்லி பழசு. நாளைக்கு வா" என்பாள். பொய் அவள் வாயில் வராது. வேண்டுமென்றே ஒழுங்காக இருக்கிறவள் என்று சொல்ல மாட்டேன், அப்படி ஒரு பிறவி. அதனால்தான் சந்தில் அவள் சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஒரு வீட்டு வாசலில் அவள் வேப்பிலை கட்டிவிட்டால், உள்ளிருப்பவர் வெளியே வர மாட்டார், வெளியே இருப்பவர் உள்ளே போக மாட்டார். கடன்காரன்கூடச் சடக்கிலிருந்தே திரும்பிவிடுவான்.

எதிர்ச்சாரியில் ஒரு செட்டி வீடு இருந்தது. மலாக்காச் செட்டிகள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாளை எல்லாரும் பீபி என்று கூப்பிடுவோம். பீபிக்குத் தமிழ் வராது, பெரியம்மாவுக்கு மலாய் அரைகுறை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் அப்படிப் பொருந்தும். அவர்கள் மாரியம்மனையே 'டத்தோ சாச்சார்' என்றுதான் சொல்வார்கள். சாச்சார் என்றால் அம்மை. எங்கள் பக்கம் வேப்பிலை தொங்குவதைப் பார்த்தால் பீபி சடக்கின் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டு, "சியாப்பா சாக்கிட்?" என்று, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேட்பாள். பதில் வந்ததும் இளநீரை இறக்கி நடுச் சடக்கில் வைத்துவிட்டுப் போவாள். பெரியம்மா போய் எடுத்துக்கொள்வாள்.

அம்மாவுக்கும் அவளுக்கும் ஒருமுறை பெரிய சண்டை. செங் கிராமத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அம்மா போய்விட்டு வந்தாள். கல்யாண வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை என்று பின்னால் செய்தி வந்தது. பெரியம்மா நேரே வந்து, "நீ உள் அறையில இரு. புள்ளைங்க என் வீட்ல தூங்கட்டும்" என்றாள்.

"எனக்கு என்னாக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன். என்ன நோயாளின்னு நெனச்சீங்களா?"

"நோவு வந்தவளத் தனியா வச்சா அது வைத்தியம். நல்லா இருக்கிறவளத் தனியா வச்சாத்தான் அது கொரண்டி. ஒன்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஒன்கூட எது வந்திருக்குன்னுதான் தெரியல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அறைக்குள் போனாள். அவள் உள்ளே இருந்த நாளெல்லாம் மூன்று வேளையும் சோறு பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. மீன் வறுவல், முருங்கைக்கீரை, ஒருநாள் பாயசம்கூட. கொரண்டியில் இருக்கிறவர்களின் வயிறு வாடக் கூடாது என்பது அவள் சட்டம். அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. சதை போட்டதுதான் மிச்சம். அப்புறம் ரொம்ப நாள், "அந்தப் பாயசத்த இன்னொரு தடவ செய்ங்கக்கா" என்று அம்மாவே போய்க் கேட்பாள்.

சட்டம் மற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்கு நாள் அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே திரண்டு போனபோது எங்கள் சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெரியம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் முன்னால், கோடி வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை கண்டு அவள்தான் துணி மாற்றி விட்டிருந்தாள். கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று தன்னைத் தானே அடைத்துக்கொண்டாள். நாங்கள் திரும்பி வந்து தொண்டை கிழியக் கதை சொன்னோம். எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே கேட்டுவிட்டு, "சொதந்திரம் இந்தச் சந்துக்கு வராமலா போயிடும்? வரட்டும், பாத்துக்கிறேன்" என்றாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு பிடிவாதமா ஒரு மனுஷிக்கு!

அந்தச் சுதந்திரம் வந்த வருஷம்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் முடித்து, தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். ஆவணியில் நேர்முகத்துக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அப்பா தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் பண்ணியதுதான். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் ஒருவருக்கு என்னைக் கொடுப்பது என்று பேசிவிட்டார். மாப்பிள்ளை என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலைக்குப் போகிற பெண் அவர்களுக்கு வேண்டாமாம். ஆனி மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து ஆடி பிறந்துவிடும், ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால்தான் அந்த அவசரம்.

நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா, "அப்பாகிட்ட நான் எப்படிப் பேசுறது" என்று கையை விரித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஜம்பு மரத்தடிக்குப் போய் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அழுதேன். எதையாவது செய்யுங்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. பெரியம்மா அரைத்துக்கொண்டே கேட்டாள்.

"நர்ஸ் வேல அவ்வளவு புடிக்குமா?"

"அது இல்லாட்டி நான் செத்துப் போயிடுவேன் பெரியம்மா."

"சாவுறத எல்லாம் சொல்லாத" என்று அதட்டினாள். குழவியை மறுபடி உருட்டினாள்.

மறுநாள் காலை பசியாறும் நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு நெற்றியில் கை வைத்தாள். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் நான்கைந்து சிவந்த பொரி. டுரியான் பழக் காலம் அது. தினமும் தின்றுதின்று எனக்கு வருஷா வருஷம் வருகிற வேர்க்குரு. பெரியம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்ப அணைச்சிரு" என்று அம்மாவிடம் சொன்னாள். "ஆத்தா வந்திருக்கா. சின்னம்மைதான், பயப்படாத."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "டுரியான் சூடா இருக்கும்க்கா."

"சூடு எது, ஆத்தா எதுன்னு எனக்குத் தெரியாதா? ஒனக்கு இதுவரைக்கும் போட்டதில்ல, நீ கிட்ட வராத. இவள நான் பாத்துக்கிறேன்."

அப்பா உள்ளே இருந்து வந்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதற்குள் அவள் வெளியே போய்க் கொத்து வேப்பிலையை வாசலில் கட்டிவிட்டாள். எனக்கு அப்போது வந்தது சந்தோஷமா பயமா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக் காடி, ஒரு கறுப்புக் கார், மத்தியானம் வந்தது. தட்டும் பழமுமாக நான்கு பேர் இறங்கினார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்னால் வந்த அம்மாள் வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா வாசலிலேயே கை கூப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிப் போனார்கள். பூ வைக்க வந்த நாளில் ஆத்தா குறுக்கே வந்துவிட்டாள், இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் என்று ஆடி பாதியில் சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் காடி கிளம்பியதும் நான் எழுந்து பெரியம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

"படு" என்றாள்.

"அவங்கதான் போயிட்டாங்களே பெரியம்மா!"

"ஆத்தா வந்திருக்கான்னு சொல்லியாச்சு. மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் படு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி விரித்து, வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தாள். உப்பில்லாத கஞ்சி. வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தாடியோடு வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். பெரியம்மா தன் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடேயே தங்கினாள். அம்மையைத் தொட்டவள் பாசாருக்குப் போகக் கூடாதே, அம்மி ஓய்ந்து கிடந்தது. அப்பா ஒரே ஒரு நாள் அறைக்குள் வந்தார். என் கையைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், போய்விட்டார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மூவாருக்குப் போய் மகளைக் கூட்டிவருவதாக இருந்தது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மகளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். புதுப் பாயும் தொட்டில் துணியும் வாங்கி வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சந்து முனையில் நின்ற மூவார் பஸ் டிரைவரிடம், "எங்க பக்கம் அம்மை. எம் மகள வர வேணாம்னு சொல்லுப்பா" என்று வாசலிலிருந்தே சொல்லி அனுப்புவதைக் கேட்டேன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெரியம்மா, எனக்கு ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்க போங்க. போயி அக்காவக் கூட்டிட்டு வாங்க."

"எப்படிடி போறது? நான் இங்கேருந்து எந்திரிச்சு மாசமா இருக்கிற மகளத் தொடப் போனா, இந்தச் சந்து என்னா நெனைக்கும்? ஓகோ, இந்தக் கெழவி கட்டுற வேப்பில சும்மான்னு நெனைக்கும். நாளைக்கு நெசமாவே ஒரு வீட்ல ஆத்தா வருவா. அன்னைக்கு எவன் வேப்பிலைய மதிச்சு நிப்பான்?"

பிறகு அவளாகவே பேசினாள். அவள் தன் கதையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"கப்பல்ல வந்து கொரண்டியில இருந்தப்போ என் தம்பிக்கு மேலு சுட்டுச்சு. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பாக்குறப்போ எங்கம்மா அவன முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு, பால் குடிக்கிறான்னு சொல்லிட்டா. தெரிஞ்சா புள்ளையப் பிரிச்சிடுவாங்கன்னு பயம். என்னையும் வாயத் தொறக்காதன்னா. நானும் நல்லாருக்கான்னுதான் சொன்னேன். விட்டுட்டாங்க. தோட்டத்துக்குப் போனோம். தம்பியோட அது நிக்கல. எங்க லயத்துல எத்தன புள்ளைங்க போச்சு தெரியுமா? அந்தத் தாய்ங்க எல்லாம் எங்கம்மாவுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தவங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நோய் இல்லை என்று சொன்ன ஒரு பொய்யோடு வாழ்ந்தவள், நோய் இருக்கிறது என்று எனக்காக இன்னொன்று சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாம் தண்ணீர் ஊற்றிய அன்று மூவாரிலிருந்து செய்தி வந்தது. பிரசவம் முன்கூட்டியே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். கூடவே மகள் சொல்லி அனுப்பியதையும் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: ஊரார் பிள்ளைக்குக் காவல் இருக்கிறவள் என்னைப் பார்க்க அவசரமாக வர வேண்டாம். பெரியம்மா, "சரிப்பா" என்றாள். கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வேப்பிலைப் புகை என்றாள். அன்றைக்கு யாரும் வேப்பிலை புகைக்கவில்லை.

மூன்றாம் தண்ணீர் முடிந்த மறுநாள் அவள் மூவாருக்குக் கிளம்பினாள். அப்பா முகத்தை மழித்துக்கொண்டு, அவளுடைய பையையும் தொட்டில் துணி மூட்டையையும் தானே தூக்கிக்கொண்டார். நானும் கூடப் போனேன். பஸ் வரும்வரை மூன்று பேரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சடக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, எனக்குச் சின்ன வயசில தோட்டத்துல சின்னம்மை போட்டிருக்கு. தம்பி தங்கச்சிக்கு எல்லாம் போட்டுப் பாத்திருக்கேன். இவ கையில இருந்தது வேர்க்குருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்களே ஒரு பொய் சொல்றீங்கன்னா, எம்மவ உங்ககிட்ட வந்து எவ்வளவு அழுதிருக்கணும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எனக்கு அந்த மாப்பிள்ள எதுக்குக்கா?"

பெரியம்மா அவரையே பார்த்தாள். "அப்ப, லீவு போட்டு, தாடி வச்சுக்கிட்டு அத்தன நாளும் வாசல்ல குந்தியிருந்தியே?"

"வேப்பில கட்டின வீடாச்சே" என்றார் அப்பா.

மூவார் பஸ் வந்தது. பெரியம்மா எழுந்தாள், அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். அப்பா மூட்டையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் என்னை அதட்டவில்லை.